பந்தைப் பார்க்காதவர்

அவர் பந்தைப் பார்த்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மைதானமே "பாகோ, பாகோ" (ஓடு, ஓடு) என்று பந்தின் பின்னால் கத்திக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் கோட்டுக்கு வெளியே புல்லில் குப்புறப் படுத்து, முகவாயைக் கைகளின் மேல் வைத்துக்கொண்டு, முன்வரிசையில் நிற்கும் மூன்று பெண்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "யார் ஜெயிச்சா?" என்று கேட்பார். கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

விளையாட்டு அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. பந்து முட்டை வடிவில் இருக்கும். எங்கள் தில்லிப் பெண்கள் அணி ஏழு பேராக ஆடும். அதில் நான்கு பேருக்குப் பந்தோடு சம்பந்தம் உண்டு: எறிவார்கள், பிடிப்பார்கள், ஓடுவார்கள், படம் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மீதி மூன்று பேர் முன்வரிசை. எதிரணிப் பெண்கள் நம் பந்துக்காரியைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். அவர்களை மறித்து நிற்பது இந்த மூவரின் வேலை. இவர்களுக்கு லைன்மேன் என்று பெயர். பெண்கள் ஆடினாலும் அதே பெயர்தான். நடுவில் நிற்பவள் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டால் அதோடு சரி. மற்ற இருவர் அதைத் தொடுவதே இல்லை.

நான் வலது ஓரம். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு, ஜனக்புரியில் ஒரு மூன்றாவது மாடியில், மகளுக்குக் கொடுக்கும் பால் போதுமா அதிகமா என்று யோசித்தே நாளைக் கழித்துக்கொண்டிருந்த நான் எப்படி அங்கே போய் நின்றேன் என்பதை இன்றுவரை என் மாமியாருக்கு முழுதாகச் சொல்லவில்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அன்று இட்லி அரிசி வாங்கி வந்துகொண்டிருந்தேன். இடுப்பில் பத்துக் கிலோ பை. பின்னால் என் துப்பட்டாவைப் பிடித்தபடி ஆறு வயது மீனு. எதிரே மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று, "சைட், சைட்" என்று வேகமாக வந்தது. எல்லாரும் விலகினார்கள். மீனு எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாததால் நான் விலகவில்லை. வண்டி என் இடுப்பில் வந்து மோதி நின்றது. வண்டிக்காரர் திட்டினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அப்பளக் கடை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, இன்னொரு வாட்டி இடிக்கச் சொல்லட்டா? நான் கால் பக்கம் பார்க்காம விட்டுட்டேன்."

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. நல்ல உயரம். கையில் வெண்டைக்காய் வற்றல் பொட்டலம். என் பதிலுக்குக் காத்திராமல் வண்டிக்காரரிடம், "பையா, ஏக் பார் அவுர்" என்றார். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடிப்போனார். நானும் ஓடியிருப்பேன். இடுப்பில் அரிசி இருந்தது.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கே வந்துவிட்டார். வீட்டு எண்ணை நான்தான் கொடுத்திருக்கிறேன். ஏன் கொடுத்தேன் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். காபி குடித்து முடித்ததும் என்னைச் சமையலறை நிலைவாசலில் நிறுத்தி, தோளில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தார். குளித்துவிட்டு வந்த என் கணவர், முன்பின் தெரியாத ஒருவர் மனைவியைத் தள்ளுவதையும் மனைவி மரியாதையாக நின்று தள்ளு வாங்குவதையும் பார்த்தார்.

"சார், உங்க வீட்டம்மாவை லைன்மேன் ஆக்கப் போறேன்" என்றார் அவர்.

"லைன்மேனா? கரண்ட் கம்பத்துல ஏறணுமா?"

"கம்பமா நிக்கணும் சார். ஏறவெல்லாம் வேணாம்."

அவருக்கு ஊர் மதுரைப் பக்கம். கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் குண்டு எறிந்தவர். அதில்தான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது காரணம் கேட்டால், "ஞாயித்துக்கிழமை ஃப்ரீ இல்லை" என்பார். நாங்கள் கோச் அக்கா என்று கூப்பிட்டோம். அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேறு ஒருவர், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய இளைஞர். கோச் அக்காவின் பொறுப்பு அந்த மூன்று பேர் மட்டும்.

மனிதர்களை அவர் முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மெட்ரோவில் பெண்கள் சோதனை வரிசையில் நின்றால் என் முழங்கையை இடித்து, "அந்தப் பச்சைப் புடவையைப் பாரு, கையால தள்ளலை, இடுப்பால தள்ளுது. என்னா அழகு!" என்பார். தமிழ்க் கல்யாணம் ஒன்றில் மணப்பெண்ணின் அத்தை சாம்பார் அண்டாவைத் தனியாளாக நகர்த்தியதைப் பார்த்துவிட்டு, தாலி கட்டுகிற நேரத்தில் அந்த அம்மாளிடம் போய் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். அந்த வீட்டார் அதன்பின் எங்களைப் பந்தியில் தள்ளியே உட்கார வைத்தார்கள்.

இத்தனை ஆள் தேடலுக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களாக அவர் முன்வரிசைக்கு ஆள் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவரே தயாரித்த மூன்று பேர் ஒரே நேரத்தில், ஒரே ஆட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்றது ஒருமுறைகூட நடக்கவில்லை. இரண்டு பேர் தேறும்போது மூன்றாமவள் போய்விடுவாள். ஒருத்தியின் கணவருக்குக் குவாஹாத்திக்கு மாற்றல். ஒருத்திக்குக் குழந்தை. ஒருத்தி மேற்படிப்புக்கு விமானம் ஏறிவிட்டாள். இன்னொருத்தி, ஒன்றரை வருடம் பழக்கியவள், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஆசைப்பட்டு ஓட்டக்காரியாகிவிட்டாள். மாற்றலை மன்னித்தார். இதை மன்னிக்கவில்லை. அவர்கள் பெயர்களை அவர் சொல்லிக் கேட்டதில்லை. "வலது கால் நல்லா இருக்கும், அது குவாஹாத்தி போயிருச்சு" என்பார்.

"யாரையாவது நிறுத்துங்க அக்கா, குண்டா இருந்தா போதும்" என்று தலைமைப் பயிற்சியாளர் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றுதான் கோச் அக்கா நீளமாகப் பேசி நான் கேட்டேன்.

"தம்பி, பந்து பிடிக்கிறவளை ஒரு மாசத்துல பழக்கிறலாம். பந்து வந்தா யாரும் பிடிக்கத்தான் பார்ப்பாங்க. இவளுக்கு அப்படி இல்லை. எழுபது கிலோ ஆளு மேல வந்து விழப்போகுதுன்னா உடம்பு என்ன சொல்லும்? ஒதுங்குன்னு சொல்லும். அதுலயும் பொம்பளைப் புள்ளைக்கு நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒதுங்கி நில்லு, ஒதுங்கிப் போன்னுதான் சொல்லிக் குடுத்திருக்கோம். அதை அழிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆகுது. அப்புறம்தான் பாடமே. நீங்க என்னன்னா கத்திரிக்காய் வாங்குற மாதிரி குண்டா ஒண்ணு குடுங்கிறீங்க."

தம்பி தலையை ஆட்டினார். அவர் கண் அப்போதும் பந்தின் மேல்தான் இருந்தது.

நான் சேர்ந்தபோது நடுவில் ஹர்ப்ரீத் இருந்தாள். வங்கி ஊழியர், இரண்டு வருடம் பழகியவள். இடது ஓரம் சுமதி. ஜங்புராவில் நான்கு வீடுகளில் சமையல் வேலை. தமிழர்கள் வசிக்கும் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப்பில் குடியிருப்பு. மூவரில் சிறந்தவள் அவள்தான். ஒருநாள் பயிற்சியில் சுமதி என்னை மோதித் தள்ளிவிட்டு, "அய்யோ, மேடம்!" என்று தூக்கிவிட ஓடிவந்தாள். கோச் அக்கா குரல் கொடுத்தார்: "லைன்ல மேடம் கிடையாது. இன்னொரு வாட்டித் தள்ளு." அடுத்த முறை சுமதி, "வரேன்டீ!" என்று கத்திக்கொண்டே வந்தாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் என்னை 'டீ' போட்டதில்லை.

கோச் அக்காவிடம் ஒரு பழைய மாருதி இருந்தது. குளிர்காலத்தில் கிளம்பாது. பேட்டரியை வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருந்தார் என்பது ஹர்ப்ரீத்தின் சந்தேகம். பனிமூட்டத்தில் நாங்கள் மூவரும் அந்தக் காரை மைதானத்தைச் சுற்றித் தள்ளுவோம். அவர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "முதுகு நேரா! சுமதி, குதிகால்!" என்று கத்துவார். ஒருநாள் ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருவர் பாவப்பட்டு உதவிக்குக் கை வைத்தார். கார் சட்டென்று கிளம்பிவிட்டது. கோச் அக்கா இறங்கிவந்து அவரைத் திட்டியதை அந்த மனிதர் ஓய்வுபெறும்வரை மறக்கமாட்டார்.

என்னிடம் இரண்டு குறைகள். முதலாவது, யோசிப்பது. எதிரே இருவர் வந்தால் எவரை மறிப்பது என்று இரண்டு பக்கத்து நியாயத்தையும் எடைபோடுவேன். அதற்குள் இருவரும் என்னைத் தாண்டியிருப்பார்கள். "நீ முடிவு பண்றதுக்குள்ள அவ வீட்டுக்குப் போயிக் குக்கரே வச்சிருவா. தப்பாக்கூட இருக்கட்டும், சட்டுனு தப்பு பண்ணு" என்பார் கோச் அக்கா.

இரண்டாவதுதான் மோசம். என்னை மோத வருகிறவள் தடுமாறினால் என் கை தானாகப் போய் அவள் சட்டையைப் பிடித்துவிடும். வீட்டில் மீனு நாற்காலியிலிருந்து சரியும்போது பிடிக்கிற அதே கை. ஆனால் இந்த ஆட்டத்தில் எதிராளியைப் பிடிப்பது குற்றம். நடுவர் மஞ்சள் துணியை வீசுவார். அணி முழுவதும் பத்து கஜம் பின்னால் போகவேண்டும். ஹர்ப்ரீத் வராத ஒரு நட்பு ஆட்டத்தில் நான்கு முறை மஞ்சள் துணி விழுந்தது. நான்காவது முறை நான் பிடித்தவள் எனக்கு நன்றி சொன்னாள்.

கோச் அக்கா என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனார். அழுதுவிடுவேன் போலிருந்தது.

"ஏம்மா, அவளுக்கு அம்மா இருக்காங்கள்ல?"

"இருப்பாங்கக்கா."

"அவங்க பார்த்துக்குவாங்க."

பதினோரு மாதம் இப்படிப் போனது. ஒவ்வொரு ஆட்டத்திலும் மூவரில் ஒருத்தி குறைந்தாள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு பயிற்சி முடிந்ததும் சுமதி முட்டிக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். கேம்ப் வீடுகளை இடிக்கப்போகிறார்கள். அவர்கள் குடும்பத்துக்கு நரேலாவில் ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு அதுவும் கிடைக்கவில்லை. நரேலா தில்லியின் மறுகோடி.

"அங்கேர்ந்து முதல் பஸ் பிடிச்சாலும் ஆறு மணிக்கு வரமுடியாதுக்கா. செய்யிற வேலையே நிக்குமான்னு தெரில. இதுக்கு எங்க வர்றது?"

கோச் அக்கா கொஞ்ச நேரம் சுமதியின் கால்களையே பார்த்தார். "சாமான் ஏத்த நாங்க வர்றோம்" என்றார். பிறகு, "எப்ப போறீங்க?" என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை என்றாள் சுமதி. அதற்கு முந்தின நாள் ஞாயிறு எங்களுக்கு ஓர் ஆட்டம் இருந்தது.

அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மூவருக்கும் புரிந்தது. சுமதி, ஹர்ப்ரீத், நான்: மூவரும் அவர் கையில் உருவானவர்கள். மூவரும் சேர்ந்து முழுதாக நிற்க அந்த ஒரு ஞாயிறுதான் இருந்தது. போகும்போது ஹர்ப்ரீத் என் தோளைப் பிடித்து, "தீதி, இஸ் பார் பக்கா?" என்றாள். பக்கா, கண்டிப்பாக வருவேன் என்றேன்.

அந்த ஞாயிறு விடிகாலையில் மீனுவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். சூடாக இருந்ததுபோல் தோன்றியது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு என்றது. மறுபடி வைத்தேன், புள்ளி நான்கு. என் கையும் சூடாக இருந்ததால் எனக்கும் வைத்துக்கொண்டேன், தொண்ணூற்றொன்பது. எதற்கும் கணவரை எழுப்பி அவருக்கும் வைத்தேன்.

"மே மாசம்டி இது. கரண்ட் வேற இல்லை. யாருக்கு வச்சாலும் சூடாத்தான் காட்டும். நீ கிளம்பு, நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் நான் போய், அங்கே யாரையோ மறித்துக்கொண்டிருக்கும்போது இங்கே காய்ச்சல் ஏறினால்? போகாமல் விட்டு, காய்ச்சல் இல்லையென்று ஆனால்? ஐந்தரை மணிக்குக் கோச் அக்காவுக்கு எழுதினேன்: "மீனுவுக்குக் காய்ச்சல். வரமுடியவில்லை. மன்னித்துவிடுங்கள்."

"பிள்ளையைப் பாரு" என்று உடனே பதில் வந்தது. இரண்டே சொற்கள். கோபமாக எழுதியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு மீனு எழுந்து, மேகி கேட்டுச் சாப்பிட்டு, சோபாவிலிருந்து குதிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது குதியில் என்னைப் பார்த்து, "அம்மா, இன்னைக்கு சண்டே. நீ ஏன் வீட்ல இருக்கே?" என்றாள்.

என் கணவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "ஜல்தி" என்றார்.

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். மீனு நடுவில், எதற்கும் இருக்கட்டும் என்று தலையில் ஈரத்துண்டோடு. முந்தின நாள் புழுதிக்காற்றோடு பெய்த மழையில் வழியெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. மைதானம் போய்ச் சேர்ந்தபோது கடைசிக் கால்பகுதி நடந்துகொண்டிருந்தது. எதிரணிக்கு இருபத்துநான்கு, எங்களுக்குச் சுழியம்.

முன்வரிசையில் வலது ஓரத்தில் யாரோ நின்றார்கள். தலைக்கவசம் என்னுடையது. அது அவருக்குச் சிறியதாக இருந்ததால் கன்னங்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு முழங்காலிலும் கட்டு. நாற்பத்துமூன்று வயதில், தன் மாணவிகளின் வரிசையில், முதல் தடவையாகக் கோச் அக்கா நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்கப் பார்க்க எதிரே இருந்த நீல பனியன்காரி அவரை மல்லாத்திவிட்டுப் போனாள். அவர் எழுந்து முதல் காரியமாகச் சுமதியின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"அரே, மம்மி ஆ கயீ!" என்று என்னைப் பார்த்து ஹர்ப்ரீத் கத்தினாள்.

அவர் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. அது வந்து, காய்ச்சலே..."

"நல்லது." தலைக்கவசத்தைக் கழற்றி என் தலையில் வைத்தார். உள்ளே சூடாக, ஈரமாக இருந்தது. "அந்த நீலம் இடது தோளைத்தான் முதல்ல போடுது. என்னை ஏழு வாட்டி ஏமாத்திருச்சு. போ."

ஆட்டத்தில் மிச்சம் நான்கு நிமிடம். ஜெயிப்பதற்கு ஒன்றும் இல்லை. வரிசையில் போய்க் குனிந்தேன். சுமதி எட்டிப் பார்த்து, "இப்பத்தான் விடிஞ்சுதாடீ உனக்கு?" என்றாள். பந்து பின்னால் போனது. நீல பனியன் வந்தது, இடது தோளை முன்னால் போட்டபடி. நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்பதே அவள் என் மேல் மோதிய பிறகுதான் தெரிந்தது. அவள் தள்ளினாள். நான் நின்றேன். அவள் கால் வழுக்கியது. என் இரண்டு கைகளும் விரிந்தபடியே இருந்தன. அவள் என் முன்னால் சேற்றில் தொப்பென்று விழுந்தாள். எங்கள் பின்னால் யார் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஓட்டக்காரி பன்னிரண்டு கஜம் ஓடியிருக்கிறாள் என்று பிறகு சொன்னார்கள்.

அப்படி ஒன்பது முறை நின்றோம். மூவரும். மஞ்சள் துணி விழவில்லை. நடுவர் ஊதினார். தோற்றோம்.

தலைமைப் பயிற்சியாளர் மற்ற நால்வரையும் சுற்றி உட்காரவைத்துத் தவறுகளை விளக்கிக்கொண்டிருந்தார். கோச் அக்காவைக் காணோம். கோட்டோரம் அசையாமல் குப்புறக் கிடந்தார். வெயிலில் மயங்கிவிட்டார் என்று நினைத்து யாரோ தண்ணீரோடு ஓடினார்கள். அவர் கையை நீட்டி, "வராதே, வராதே, மிதிச்சிராதே!" என்று அலறினார்.

அவர் முகத்துக்கு நேரே, நாங்கள் கடைசியாக நின்ற இடத்தில், ஈர மண்ணில் எங்கள் பாதம் பதிந்த ஆறு குழிகள். ஒதுங்கியவள் கால் பக்கவாட்டில் இழுத்திருக்குமாம். பின்வாங்கியவளுக்குக் குதிகால் பதிந்திருக்குமாம். அங்கே ஆறு இடத்திலும் பெருவிரல் பக்கம் மட்டும் ஆழமாக இறங்கியிருந்தது. நேர்கோட்டில்.

அடுத்து மைதானத்தைப் பதிவு செய்திருந்தது ஏதோ அலுவலகக் கிரிக்கெட் அணி. வெள்ளைச் சட்டை போட்ட அங்கிள்கள் ஸ்டம்ப்போடு உள்ளே வர ஆரம்பித்தார்கள். கோச் அக்கா கட்டுப்போட்ட முழங்கால்களோடு எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, அவர்களுக்கும் அந்தக் குழிகளுக்கும் நடுவே நின்றார்.

"மேடம், ஹமாரா டைம் ஹோ கயா" என்றார் ஒருவர்.

"தோ மினிட்" என்று இரண்டு நிமிடம் கேட்டார் கோச் அக்கா.

"லேகின் மேடம்..."

"போலா நா, தோ மினிட்!" பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, "யாராவது சீக்கிரம் போட்டோ எடுங்கப்பா, நான் ரொம்ப நேரம் தாங்கமாட்டேன்" என்றார்.

பின்னால் வந்த அங்கிள்கள் முன்னால் நின்றவர்களை நெருக்கினார்கள். அவர் பாதம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஹர்ப்ரீத் கையெல்லாம் சேறு, சுமதி அழுதுகொண்டிருந்தாள். என் போனில் நானே எடுத்தேன்.

மறுநாள் நால்வரும் சுமதியின் சாமான்களை டெம்போவில் ஏற்றினோம். பீரோவைத் தூக்கும்போதுகூட முதுகைப் பற்றித் திட்டு விழுந்தது. அந்த வருடக் கடைசியில் கோச் அக்காவுக்கே ராஞ்சிக்கு மாற்றல் வந்தது. அங்கே இந்த ஆட்டம் உண்டா என்று தெரியாது. ரயில் நிலையங்களில் பெட்டி தூக்கும் பெண்களை எப்படியும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. வெறும் சேறு. மீனு சில நாள் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கம்மா இருக்கே?" என்று கேட்பாள்.

வலது ஓரத்தில் இருக்கும் இரண்டு குழிகளைக் காட்டுவேன்.